அறிவிப்பு மெயிலுக்கு முன்னால் நடப்பவை

பல்கலைக்கழக வேலைவாய்ப்பு அலுவலகம் என்றதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு மெயில்தான். இந்த நிறுவனம் இன்டர்ன்ஷிப்புக்கு (படிக்கும்போதே செய்யும் பயிற்சி வேலைக்கு) ஆள் எடுக்க வருகிறது, இன்ன தேதிக்குள் ரெஸ்யூமே அனுப்பவும், தகுதி இது. அந்த மெயிலுக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி ஊரெல்லாம் ஆலோசனை கொட்டிக் கிடக்கிறது. ஆனால் ஒரு அலுவலகம் உருப்படியானதா, பெயருக்கு இருப்பதா என்பது அந்த மெயில் கிளம்புவதற்குப் பல வாரங்கள் முன்பே தெரிந்துவிடும். நிறுவனத்தில் யாரிடம் பேசினார்கள், என்ன கேட்டார்கள், எதை எழுத்தில் வாங்கினார்கள் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இந்த அலுவலகத்தின் கையில் வேலை என்று ஒன்றுகூடக் கிடையாது. காலியிடம் நிறுவனத்துடையது, உழைப்பு மாணவருடையது. அலுவலகத்திடம் இருப்பது அதன் பேச்சை இரண்டு தரப்பும் நம்புகிறார்கள் என்பது மட்டுமே. ஒப்புக்கொண்ட மாணவர் சொன்ன தேதியில் வந்து நிற்பார் என்று நிறுவனம் நம்ப வேண்டும். அங்கே போனால் ஃபோட்டோகாப்பி எடுக்கும் எடுபிடி வேலையில் உட்கார வைக்க மாட்டார்கள் என்று மாணவர் நம்ப வேண்டும். இதில் ஒன்று போனாலும் அடுத்த வருடம் அந்தப் பெயர் பட்டியலில் இருக்காது. கீழே சொல்லப்போகும் நடைமுறைகள் பார்வைக்கு வெறும் காகித வேலையாகத் தெரியலாம். அவை அத்தனையும் இந்த நம்பிக்கையைக் காப்பதற்காக வந்தவை.

இது புதிய ஏற்பாடும் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் பட்டதாரிகளுக்கு வேலை தேடித் தருவதற்கென்று 1892-லேயே ஒரு குழு அமைத்தார்கள். படிப்பையும் வேலையையும் ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தது 1906-இல், அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில். ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் ஒரே வேலைக்கு இரண்டு மாணவர்களை வைத்தார். ஒருவர் தொழிற்சாலையில் இருக்கும் வாரம் மற்றவர் வகுப்பில். அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். தொழிற்சாலையின் கணக்கில் அந்த இடம் ஒருநாளும் காலியில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கியபோது வாரச் சுழற்சியை மாதக் கணக்கில் நீட்டியது; பின்னர் அது நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று நிலைத்தது. ஷ்னைடர் எதைத் தீர்க்க முயன்றாரோ அதுவே இன்றைக்கும் இந்த அலுவலகங்களின் தலைவலி: கல்லூரிக்கு ஒரு நாட்காட்டி, நிறுவனத்துக்கு வேறொரு நாட்காட்டி.

பின்னாலிருந்து எண்ணுவது

நல்ல அலுவலகம் நாட்களைப் பின்னாலிருந்து எண்ணும். மாணவர் முதல் நாள் வேலைக்குப் போவதைப் பூஜ்ய வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம், காப்பீடு, நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பு, கணினி அனுமதி எல்லாம் முடிய ஆறு வாரம் வேண்டும். ஆஃபருக்குப் பதில் சொல்ல மாணவருக்கு இரண்டு வாரம். இன்டர்வியூக்களுக்கு மூன்று, ஷார்ட்லிஸ்ட் செய்ய இரண்டு, விண்ணப்பம் பெற மூன்று. ஆக மொத்தம் பதினாறு வாரம். வெளிநாட்டு மாணவர் என்றால் வேலை அனுமதிக்காக இன்னும் நான்கு வாரம் சேரும். நடுவில் தேர்வு வந்தால் அந்த இரண்டு வாரமும் கணக்கில் செத்த வாரம். யாரும் இன்டர்வியூவுக்கு வர மாட்டார்கள். வந்தாலும் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இது அறிவிப்பு மெயிலிலிருந்து தொடங்கும் கணக்கு. அதற்கு முன்னால் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு படலம் இருக்கிறது. இடத்துக்கு அனுமதி, ஸ்டைபெண்டுக்கு (பயிற்சிக் கால உதவித்தொகைக்கு) எந்தக் கணக்கிலிருந்து பணம், மேற்பார்வைக்கு யார். இதற்கு ஆறு வாரம் ஓடும். அறிவிப்பைத் திருத்தி எழுத இரண்டு வாரம். முதல் பேச்சு, வேலை தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பு நடந்திருக்க வேண்டும் என்பது இப்படித்தான் வருகிறது. "கோடை விடுமுறைக்கு இன்டர்ன்ஷிப் வேண்டும்" என்று விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பு வந்து நிற்கும் மாணவரிடம் அலுவலர் கையை விரிப்பதற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை. அந்த வருடத்து இடங்களின் பணம் எப்போதோ ஒதுக்கி முடிந்துவிட்டது. கடைசி நேரத்தில் கிடைக்கக்கூடியவை சிறு நிறுவனங்கள், ஆய்வகங்கள், தொண்டு அமைப்புகள். அங்கே அனுமதிக்குப் பல மாடி ஏற வேண்டியதில்லை, முடிவெடுப்பவரே போனை எடுப்பார். தாமதமாக வந்தவர்கள் அங்கே போய்க் கேட்பதே புத்திசாலித்தனம்.

ஒரு அறிவிப்பு எப்படித் தேறுகிறது

நிறுவனத்திலிருந்து முதலில் வரும் வாசகம் பெரும்பாலும் இந்த லட்சணத்தில் இருக்கும்: "துடிப்பான, தானாக முன்வந்து செயல்படும் மாணவர்கள் தேவை. பைதான், ஜாவா, கிளவுட், டேட்டா அனலிட்டிக்ஸ், நல்ல தகவல்தொடர்புத் திறன் அவசியம். காலம் இரண்டு முதல் ஆறு மாதம்."

இதை அப்படியே மாணவர்களுக்கு அனுப்பினால் இரண்டு விபத்துகள் நடக்கும். எல்லாம் தெரியும் என்று கூசாமல் எழுதும் நாற்பது பேர் விண்ணப்பிப்பார்கள். பைதான் நன்றாகத் தெரிந்து ஜாவா தெரியாத, நாணயமான பத்துப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். நிறுவனத்துக்கு உண்மையில் தேவைப்பட்டவர் அந்தப் பத்துப் பேரில் இருந்திருப்பார்.

ஆகவே அலுவலர் போனை எடுக்கிறார். ஹெச்ஆரிடம் பேசிப் பயனில்லை. அந்த வாசகத்தை அவரும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்பார். மாணவர் யாருக்குக் கீழே உட்காரப் போகிறாரோ அவரிடம் இருபது நிமிடம் வேண்டும். முதல் இரண்டு வாரம் இந்த மாணவர் காலையில் வந்து உட்கார்ந்ததும் என்ன செய்வார்? இவர் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள்? கடைசி நாளில் இவர் எதைக் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்? வாரத்தில் எத்தனை மணி நேரம் நீங்கள் அவரோடு உட்கார முடியும்? கேட்டவற்றில் என்னென்ன வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம்?

கடைசிக் கேள்விதான் பொன். ஐந்து தகுதிகளில் மூன்று அந்த நொடியே கழன்றுவிடும். "ஜாவா வேண்டாம், எங்கள் பழைய மென்பொருள் அதில் இருக்கிறது, அவ்வளவுதான்" என்பார். இரண்டாவது கேள்விக்கு "யாரும் செய்ய மாட்டார்கள், ரொம்ப நாளாகக் கிடப்பில் கிடக்கிறது" என்று பதில் வந்தால் அது நல்ல இன்டர்ன்ஷிப் வேலை. அவசரமில்லை, ஆனால் வேண்டியது. "ராஜினாமா செய்தவரின் வேலை" என்று பதில் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அது சம்பளம் மிச்சம் பிடிக்கும் திட்டம்.

திருத்திய பின் அறிவிப்பு இப்படி வெளியே போகும்: "வாடிக்கையாளர் எழுதும் பழுதுப் புகார்களை வகைவாரியாகப் பிரித்து, வாராந்தர அறிக்கை தானாகத் தயாராகும்படி செய்ய வேண்டும். பைதானில் ஒரு கோப்பைத் திறந்து, படித்து, எண்ணத் தெரிந்தால் போதும். மற்றவை இங்கே கற்றுத்தரப்படும். பத்து வாரம், வாரம் 40 மணி நேரம், நேரில் வர வேண்டும். மேற்பார்வையாளருடன் வாரம் இருமுறை சந்திப்பு. ஸ்டைபெண்ட் உண்டு, இரண்டு இடங்கள்." ஸ்டைபெண்டின் தொகையையும் அப்படியே போட்டுவிட வேண்டும். தொகையை மறைத்தால், கையில் காசில்லாத மாணவர் பஸ் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் பயந்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவார். யாரும் அவரை நிராகரித்ததாகப் பதிவே இருக்காது.

மணி நேரக் கணக்கு, பட்டத்துக்குச் சேரும் கிரெடிட்டுக்கும் வேண்டும். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வாரம் 40 மணி வீதம் பத்து வாரம் போனால் 400 மணி நேரம். அது 13-இலிருந்து 16 கிரெடிட் வரை வரும். அறிவிப்பிலேயே மணி நேரம் இல்லாவிட்டால், வேலை முடிந்த பிறகு துறையில் இதற்காக ஒரு பஞ்சாயத்து நடக்கும். மாணவர் அதில் பெரும்பாலும் தோற்பார்.

புதிய நிறுவனம் என்றால் பேசுவதற்கு முன்பே சரிபார்ப்பு. பதிவு எண், வரிப் பதிவு, முகவரி. மெயில் நிறுவனத்தின் சொந்த டொமைனிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். தளத்தில் போட்டிருக்கும் பொது எண்ணுக்குப் போன் செய்து, மெயில் அனுப்பியவர் அங்கே இருக்கிறாரா என்று கேட்க வேண்டும்; அவர் கொடுத்த எண்ணுக்கே போன் செய்வதில் அர்த்தமில்லை. பயிற்சிக் கட்டணம், முன்பணம், அசல் சான்றிதழ் இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். காசோலை புழங்கும் நாடுகளில் இன்னொரு மோசடியும் உண்டு. லேப்டாப் வாங்க என்று ஒரு காசோலை வரும். அதைப் போட்டு, மீதிப் பணத்தை ஒரு 'விற்பனையாளருக்கு' அனுப்பச் சொல்வார்கள். சில நாட்கள் கழித்து காசோலை திரும்பிவரும், அனுப்பிய பணம் திரும்பாது. மாணவர்கள் இதில் விழுவதற்குக் காரணம் பேராசை இல்லை. அறிவிப்பு பல்கலைக்கழகத்தின் தளம் வழியாக வந்தது என்பதுதான்.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புகளை ஏற்பதா என்பது நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அமெரிக்கத் தொழிலாளர் துறை 2018 முதல் ஏழு அம்சங்களை வைத்துப் பார்க்கிறது. அவற்றின் சாரம்: இதில் முதன்மையாகப் பலன் பெறுவது மாணவரா, நிறுவனமா? பிரிட்டனில் பட்டப்படிப்பின் கட்டாயப் பகுதியாக, ஓராண்டுக்குள் முடியும் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதிய உரிமை கிடையாது. படிப்போடு சம்பந்தமில்லாமல் தானாகப் போய்ச் சேர்ந்து, தொழிலாளியாகவே வேலை செய்தால் உண்டு. சட்டம் இடம் கொடுத்தாலும், லாப நோக்கில் நடக்கும் நிறுவனத்துக்கு இலவசமாக ஆள் அனுப்பும் அலுவலகத்தை நல்ல அலுவலகம் என்று சொல்ல மனம் வரவில்லை.

மாணவர் பக்கம்

ஆலோசனை அறையில் நடப்பதன் அடிப்படை 1908-இல் பாஸ்டனில் தொழில் வழிகாட்டலின் முன்னோடி ஃபிராங்க் பார்சன்ஸ் வகுத்தது. தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு வகை நாட்டங்களை வைத்து நடக்கும் தேர்வுகளெல்லாம் இதன் வாரிசுகள். பேச்சைத் தொடங்க அவை உதவும். முடிவெடுக்க அவற்றை நம்ப வேண்டாம். பத்தொன்பது வயதில் ஒருவருக்குத் தொழில்களின் பெயர் தெரியுமே தவிர, அந்தத் தொழிலில் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அந்த வேலையில் இருப்பவரிடம் பதினைந்து நிமிடம் பேச வேண்டும்.

பழைய மாணவர்கள் பட்டியலின் அருமை இங்கேதான் தெரியும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, மிக அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். சிறிய மாதிரிதான், ஆனாலும் காரணம் விளங்கும்: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடங்கள் நமக்கும் தெரிந்தவையாகத்தான் இருக்கும். எட்டு வருடம் முன்பு படித்துவிட்டுப் போனவருக்குத் தெரிந்தது வேறு. அவருக்கு மெயில் எழுதும்போது வேலை கேட்கக் கூடாது. "உங்கள் துறையில் புதிதாகச் சேருபவருக்கு முதல் வருடம் என்ன வேலை தருகிறார்கள்? பதினைந்து நிமிடம் பேச முடியுமா?" என்று இரண்டே வரி போதும். வேலை கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டிய சங்கடத்துக்கு அஞ்சி பதிலே போட மாட்டார். அனுபவம் கேட்டால் பலர் பேசுவார்கள்.

ரெஸ்யூமே பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஒரு வரியை மட்டும் பார்ப்போம். "இறுதியாண்டுக் குழுத் திட்டத்தில் தீவிரமாகப் பங்கேற்றேன்." இதை வைத்துக்கொண்டு இன்டர்வியூ எடுப்பவர் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. ஆலோசகர் கேட்பார்: எத்தனை பேர் குழு? நான்கு. நீ என்ன செய்தாய்? தரவைச் சுத்தம் செய்தேன். எவ்வளவு? 1,200 பதிவு. என்ன கோளாறு இருந்தது? ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தார், பெயர் எழுத்து மாறியிருந்தது. ஆக, வரி இப்படி ஆகிறது: "நால்வர் குழுவில், 1,200 பதிவுகளில் பெயர் எழுத்து மாறியதால் வந்த இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதினேன்." இதில் பொய்யோ பூச்சோ இல்லை. கேட்டதும் வெளியே வந்தது. ரெஸ்யூமே சரிபார்ப்பு என்பது பிழை திருத்துவது என்று நினைக்கும் அலுவலகங்கள் இந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிடுகின்றன.

கோப்பு விஷயத்தில் இரண்டே எச்சரிக்கை. விண்ணப்பங்களை வாங்கும் மென்பொருள்கள் சில, பக்கவாட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கங்களையும் அட்டவணைகளையும் குழப்பிவிடும். பக்கத்தின் மேல்விளிம்பில் போட்ட போன் எண்ணை விட்டேவிடும். ஸ்கேன் செய்து படமாக அனுப்பிய பிடிஎஃப்பில் அவற்றால் ஒன்றும் படிக்க முடியாமல் போகலாம். ஒரு சோதனை: பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒரு வெற்று நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நோட்பேடில் வரிசை கலைந்தால் அந்த மென்பொருளிலும் கலையும். அப்புறம், கோப்புக்கு 'ரெஸ்யூமே ஃபைனல் 2' என்று பெயர் வைக்காதீர்கள். நூறு கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில் முப்பது அதே பெயரில் இருக்கும். பெயர், துறை, வருடம் போதும்.

மதிப்பெண் கட்-ஆஃப் பற்றி அலுவலகங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நிறுவனம் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் சலிக்கும் வசதிதான். 'உங்களுக்கு இருபது பேருக்கு மேல் அனுப்ப மாட்டோம், நாங்களே பார்த்து அனுப்புகிறோம்' என்று சொன்னால் கட்-ஆஃபைத் தளர்த்தப் பலர் தயாராக இருக்கிறார்கள். ஆனால் அப்படிச் சொன்ன பிறகு அந்த இருபதும் தேறிய இருபதாக இருக்க வேண்டும். பேராசிரியரின் சிபாரிசுக்காக ஒருவரைச் செருகினால் அடுத்த முறை கட்-ஆஃப் திரும்பி வரும், இன்னும் உயரமாக.

ஆஃபரும் கெடுவும்

குழப்பம் உச்சத்துக்குப் போகும் கட்டம் இது. ஒரு நிறுவனம் திங்கட்கிழமை ஆஃபர் கொடுத்து புதன்கிழமைக்குள் பதில் கேட்கும். மாணவர் உண்மையில் விரும்பும் நிறுவனத்தின் இன்டர்வியூ வெள்ளிக்கிழமை.

இந்த நோய் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்க மருத்துவமனைகளின் கதை நல்ல உதாரணம். நல்ல மாணவர்களை மற்றவர்களுக்கு முன்பே பிடித்துவிட வேண்டும் என்று மருத்துவமனைகள் தேதியை முன்னே முன்னே தள்ளி, 1940-களின் நடுவில் பட்டம் பெறுவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே இன்டர்ன் இடங்களை நிரப்பத் தொடங்கின. 1945-இல் கல்லூரிகள் ஒன்றுகூடி, குறிப்பிட்ட தேதிக்கு முன் மாணவர் விவரங்களைத் தருவதில்லை என்று முடிவெடுத்தன. தேதிப் பிரச்சினை தீர்ந்தது. கெடுப் பிரச்சினை முளைத்தது. முதலில் பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம் இருந்தது. 1949-இல் பன்னிரண்டு மணி நேரம்கூட அதிகம் என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. கடைசியில் 1952-இல் இரு தரப்பும் விருப்ப வரிசையைக் கொடுத்து, ஓர் இடத்தில் பொருத்தும் முறைக்கு மாறினார்கள். கணிதவியலாளர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் இத்தகைய பொருத்தலின் கணிதத்தை 1962-இல் எழுதினார்கள். அந்த ஆய்வுப் பாதைக்காக ஷாப்லிக்கும் பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

எல்லாப் பல்கலைக்கழகத்திலும் பொருத்தல் முறை வைக்க முடியாது. ஆனால் குறைந்தபட்சக் கெடு ஒன்றை விதியாக எழுதி, நிறுவனம் பதிவு செய்யும்போதே கையெழுத்து வாங்கிவிடலாம். இரண்டு வாரம் நியாயமான அளவு. விதி எழுத்தில் இருந்தால் அலுவலர் போன் செய்து நாசூக்காக நினைவூட்ட முடியும். இல்லாவிட்டால் கெஞ்ச வேண்டும்.

மறுபக்கத்துக் குற்றம், ஒப்புக்கொண்டுவிட்டு மாணவர் வராமல் போவது. வேறு நல்ல இடம் கிடைத்ததும் பழைய இடத்துக்கு ஒரு மெயில்கூடப் போடாமல் இருந்துவிடுகிறார்கள். அவருக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நிறுவனம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய மற்ற மாணவர்களை மீண்டும் கூப்பிட முடியாது, அவர்கள் வேறெங்கோ போயிருப்பார்கள். இடம் காலியாகிறது. மேற்பார்வையாளர் அடுத்த வருடம் ஹெச்ஆரிடம் "அந்தக் கல்லூரி வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஒருவர் செய்ததற்கு அடுத்த பேட்ச் முழுவதும் அனுபவிக்கிறது. ஆகவே தான் பல இடங்களில் ஒரு ஆஃபரை ஏற்றவுடன் மற்ற இன்டர்வியூக்களிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறார்கள். கடுமையாகத் தெரியும், ஆனால் சரி. அதே கடுமையை ஆஃபர் கொடுத்துவிட்டுப் பின்வாங்கும் நிறுவனத்திடமும் காட்ட வேண்டும். அங்கேதான் பல அலுவலகங்களுக்குத் தைரியம் போதவில்லை.

கையெழுத்துக்குப் பிறகு

மாணவர், நிறுவனம், பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் தேதி, மணி நேரம், ஸ்டைபெண்ட், மேற்பார்வையாளர் எல்லாம் எப்போதும் இருக்கும். விட்டுப்போவது மூன்று. விபத்து நடந்தால் யாருடைய காப்பீடு? மாணவர் எழுதும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நிறுவனத்தின் தகவலை எந்த அளவு வெளியிடலாம்? தொல்லை நேர்ந்தால் யாரிடம் புகார்? மூன்றாவது மிக முக்கியம். மாணவர் அங்கே முழு ஊழியர் அல்ல, அந்த நேரத்தில் வளாகத்திலும் இல்லை. இரண்டு பக்கமும் "இது எங்கள் வரம்பு இல்லை" என்று கைகழுவ வசதியான இடத்தில் நிற்கிறார். பல்கலைக்கழகத்தில் ஒரு பெயர், நிறுவனத்தில் மேற்பார்வையாளர் அல்லாத இன்னொரு பெயர், இரண்டும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

ரகசியக் காப்பு விவகாரம் கடைசி வாரத்தில்தான் வெடிக்கும். ரிப்போர்ட்டைப் படித்த நிறுவனம் பாதியை நீக்கச் சொல்லும், மீதியை வைத்துத் துறை மதிப்பெண் தராது. எதை எழுதலாம் என்பதை முதல் வாரத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் இது வராது. உண்மையான எண்களுக்குப் பதில் விகிதங்களைக் காட்டலாம் என்று பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர், படிப்பின் அங்கமான சிபிடி அனுமதியில் 12 மாதம் முழுநேரம் வேலை செய்துவிட்டால், அதே நிலைப் பட்டத்துக்குக் கிடைக்கும் 12 மாத ஓபிடி உரிமையை, அதாவது படித்த துறையில் வேலை செய்யும் அனுமதியை, இழந்துவிடுவார். பதினோரு மாதத்தில் நிறுத்தினால் உரிமை அப்படியே இருக்கும். "இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போயேன்" என்று அன்பாகச் சொல்லும் மேற்பார்வையாளருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பத்து வார வேலையில் அலுவலகம் விசாரிக்க வேண்டியது மூன்றாவது வாரத்தில். நடுவில் விசாரிக்கலாம் என்று ஐந்தாம் ஆறாம் வாரம் வரை விட்டால், கோளாறு இருந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது. அதிகம் வரும் புகார் கொடுமை அல்ல. வேலையே தரவில்லை என்பதுதான். லாகின் வரவில்லை, மேற்பார்வையாளர் விடுப்பில் இருக்கிறார், எடுத்துவைத்த ப்ராஜெக்ட் ரத்தாகிவிட்டது. மாணவர் கேட்கக் கூச்சப்பட்டு மூலையில் உட்கார்ந்து எதையாவது படித்துக்கொண்டிருப்பார். போனில் "எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "நன்றாகப் போகிறது சார்" என்றுதான் பதில் வரும். "நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தாய்?" என்று கேட்டால் உண்மை வரும். அதே கேள்வியை மேற்பார்வையாளரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு பதிலும் வேறு வேறு நாளைப் பற்றியது போல இருந்தால், நேரில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

சதவீதங்கள்

கடைசியில் எல்லாம் ஒரு எண்ணாகச் சுருங்கி விளம்பரப் பலகைக்கு வந்துவிடும். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. உதாரணத்துக்கு, 200 பேர் பட்டம் பெற்றார்கள். அலுவலகம் விசாரித்ததில் 120 பேரிடமிருந்து பதில் வந்தது. அதில் 96 பேருக்கு வேலை. பதில் சொன்னவர்களை வைத்துக் கணக்கிட்டால் 80 சதவீதம். பட்டம் பெற்ற அனைவரையும் வைத்துக் கணக்கிட்டால் 48. இரண்டும் பொய் இல்லை. ஆனால் வேலை கிடைக்காதவர்தான் அதிகமாக மெயிலுக்குப் பதில் போடாமல் இருப்பார் என்பதால், முதல் எண் பெரும்பாலும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். மேற்படிப்புக்குப் போனவர்களையும் பதிவு செய்யாதவர்களையும் வகுக்கும் எண்ணிலிருந்து எடுத்துவிட்டால் இன்னும் வீங்கும்.

எப்போது கேட்டார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்கக் கல்லூரிகள் பின்பற்றும் வழக்கம் பட்டம் பெற்ற ஆறு மாதம் வரை. இளநிலைப் பட்டதாரிகளில் குறைந்தது 65 சதவீதம் பேரின் நிலை தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே பரிந்துரை. பிரிட்டனின் கிராஜுவேட் அவுட்கம்ஸ் கணக்கெடுப்பு பதினைந்து மாதம் கழித்துக் கேட்கிறது. ஆறு மாத எண்ணையும் பதினைந்து மாத எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்திலும் இதே விளையாட்டுதான். ஒன்பது பேருக்கு 40,000, ஒருவருக்கு 4,00,000 என்றால் சராசரி 76,000. அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 76,000 வாங்கவில்லை. நடுமதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகையை) கேளுங்கள், அது 40,000.

அலுவலகத்துக்கே பயன்படும் கணக்கு இவை எதுவும் இல்லை. போன வருடம் வந்து இந்த வருடம் வராத நிறுவனங்களின் பட்டியலைத்தான் அலுவலகம் தன் மேசையில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் காரணம் எழுத வேண்டும், அதுவும் ஊகித்து அல்ல, போன் செய்து கேட்டு. பட்ஜெட் இல்லை என்பது ஒன்று. மாணவர் பாதியில் போய்விட்டார், அனுப்பிய மெயிலுக்கு மூன்று வாரம் பதில் வரவில்லை, இன்டர்வியூ அன்று அறை பூட்டிக் கிடந்தது என்பவை வேறு. முதல் வகை நிறுவனத்துக்கு அடுத்த சுற்று தொடங்கும்போது ஒரு மெயில் போதும். இரண்டாம் வகைக்கு அலுவலகத்தின் தலைவரே நேரில் போக வேண்டும், இம்முறை என்ன மாற்றியிருக்கிறார்கள் என்பதை எழுத்தில் எடுத்துக்கொண்டு.